ஷாக் அடித்த கிரைண்டர்

இன்றைக்கு ஒரு கடையில், "கிரைண்டர் ஷாக் அடிக்குது" என்று மாவாட்டும் அம்மா சொல்ல, முதலாளி சிரித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே போய் ஸ்விட்சை அணைத்தேன்.

எழுபதுகளில் வந்த பழக்கம். அப்போது காஞ்சிபுரத்தில் நான் எலக்ட்ரீஷியன்.

கருட சேவைக்கு முதல் நாள், ஓட்டலில் மாவாட்டும் கன்னியம்மா சொன்னார்: "தொட்டா சுரீர்னு இழுக்குதுபா."

டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். கிரைண்டர் உடம்பெல்லாம் கரண்ட். எர்த் ஒயரே இல்லை.

"சரி பண்ண மூணு மணி நேரம் ஆகும்," என்றேன்.

"நாளைக்கு ஊரே சாப்பிட வருதுபா. மாவு ஆகட்டும், அப்புறம் பாரு," என்றார் ஓட்டல்காரர்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கத்தினார்.

"ஃபியூஸைப் போட்டுடறேன். நீங்களே மாவு தள்ளுங்க," என்றேன்.

கிரைண்டர் பக்கம் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். "சரி, பிரிச்சுப் பாரு."

மாவு தாமதம். சரியாகப் புளிக்கவில்லை. மறுநாள் இட்லி கல்லாக இருந்தது. ஓட்டல்காரர் என்னைக் கைகாட்ட, சாப்பிட்டவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். கன்னியம்மா மட்டும் திட்டவில்லை.

நீங்கள் அந்த இட்லியைச் சாப்பிட்டிருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா?