என் முட்டி அழுக்கும் மாமியின் பதவியும்

கேமராமேன் வேலைன்னா கண்ணுக்குத்தான் வேலைன்னு நினைப்பீங்க. இல்ல சார், முட்டிக்குத்தான் வேலை. சீரியல்ல ஒருத்தரைப் பெரிய ஆளாக் காட்டணுமா, கேமராவைத் தரையோட வச்சு அண்ணாந்து எடுக்கணும். ஒண்ணுமில்லாத ஆளாக் காட்டணும்னா மேலேயிருந்து குனிஞ்சு எடுக்கணும். மேனேஜர் மேஜைக்கு முன்னால குட்டை நாற்காலியில உக்காந்து பேச்சு வாங்குனவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

சாவிக்கொத்து

செம்பூர்ல ஒரு இந்தி சீரியல். மாமியார் வேஷம் கட்டினது மாட்டுங்கா மாமி. அந்த செட்டுல தமிழ் பேச எங்க ரெண்டு பேரை விட்டா நாதியில்ல. நான் தாராவிக்காரன், இசக்கி. மாமி வீட்டு மாமா பக்கவாதத்துல விழுந்த பிறகு மாட்டுங்கா வீட்டை வித்துட்டு, ரொம்பத் தள்ளியிருக்கிற டோம்பிவிலிக்குப் போயிட்டாங்க. மாமாவுக்கு மாத்திரை, நர்ஸ் எல்லாமே இந்த ஒரு வேஷத்துலதான் ஓடுது. வேஷம் போச்சுன்னா அவ்வளவுதான்.

தினமும் மாமி இடுப்புல சாவிக்கொத்தோட மாடிப்படி இறங்கி வரணும். நான் கீழே மண்டி போட்டு, சில நாள் குப்புறப் படுத்து, அண்ணாந்து எடுப்பேன். என் பேன்ட்டுல முட்டி ரெண்டும் எப்பவும் கரிச்சட்டிதான். மாமி பாத்துச் சிரிப்பாங்க.

"இப்படி விழுந்து நமஸ்காரம் பண்றதுக்கு எங்காத்துல ஒரு மாப்பிள்ளை இல்லையேடா!"

பெட்டி வந்த அன்னிக்கு

மகனா நடிச்ச பையன் குள்ளம். அதுவரைக்கும் அம்மா முன்னால குனிஞ்சே நிக்கிற மகன், அதனால உயரம் ஒரு பிரச்சினையே இல்ல. ஒரு நாள் காலையில அவன் ஏறி நிக்க ஒரு மரப்பெட்டி வந்துச்சு. அவன் பெட்டி மேல நின்னு மாமியைத் திட்டணும். நான் அவன் தோளுக்குப் பின்னாலயிருந்து மாமியைக் கீழே பாத்து எடுக்கணும். அன்னிக்குப் பூரா நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். மாடிப்படி இறங்கி வர்றது இனிமே புது மருமகதான்னு மாத்திட்டாங்க.

சாயா வந்தப்போ மாமி தொடவே இல்ல. என் பேன்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"இன்னிக்கு உன் முட்டி ஏண்டா இவ்வளவு சுத்தமா இருக்கு?"

நாலு விரல்

மறுநாள் மாமி நடுக்கூடத்துல கைகூப்பி மன்னிப்புக் கேக்கிற சீன். தலைக்கு மேலயிருந்து எடுன்னு உத்தரவு. எனக்கு மனசு கேக்கல. கேமரா நிக்கிற ட்ரைபாடை நைசா நாலு விரல் இறக்குனேன். பொறவு இன்னொரு நாலு விரல். மாமி முகம் பழையபடி நிமிந்திருச்சு. ஆனா அடுத்த ரூம்ல மானிட்டர் முன்னால உக்காந்திருக்கிற டைரக்டர் கண்ணுக்கு இதெல்லாம் தப்பவே தப்பாது, பாவி. மைக்கைப் பிடிச்சு இந்தியில கத்துனான். "ஏத்துடா இசக்கி! அடுத்த வாரம் படியில உருண்டு சாகப்போற கிழவிக்கு எதுக்கு இந்த மரியாதை?"

செட்டு முழுக்க ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. சாகப்போற விஷயத்தை அதுவரைக்கும் மாமிகிட்ட ஒருத்தனும் சொல்லல. லைட்டுக்கு நடுவுல மாமி கூப்பின கையை இறக்காமலே நின்னாங்க. மேக்கப் ஆள் கண்ணுக்குக் கிளிசரின் கொண்டு ஓடுனான்.

"அது வேண்டாம்ப்பா. நீ ஷாட்டை எடு, இசக்கி."

எங்க வீட்டு ரசிகை

சாவு எபிசோட் டிவியில வந்த அன்னிக்கு எங்க சந்துல எல்லா வீட்டுலயும் அதேதான் ஓடுச்சு. உச்சியிலேருந்து எடுத்த ஷாட். கொடியிலேருந்து விழுந்த துணி மாதிரி மாமி கீழே கிடக்காங்க. எடுத்தவனே நான்தான். மாமா நிலைமையை என் பொண்டாட்டிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். சொல்லி என்ன பிரயோஜனம்? கையில கரண்டியோட நின்னு பாத்தவ சொல்லுதா:

"நல்லா வேணும் இவளுக்கு! என்னா ஆட்டம் ஆடுனா!"

மாலை

அடுத்த வாரம் மாமி செட்டுக்கு வந்தாங்க. செத்தவங்க இரட்டைப் பிறவியா திரும்பி வர்றது சீரியல்ல சகஜம்தானே, இல்லேன்னா பழைய ஞாபகம்னு ஒரு சீனாவது தர முடியுமான்னு கேக்க வந்தாங்க. டைரக்டர் போன்லேருந்து தலையைக் கூடத் தூக்கல. "போட்டோ போதும் மாஜி." மாஜின்னா இந்தியில அம்மா.

போட்டோவை ஏற்கெனவே கூடத்துல உசரமா மாட்டி, மாலையும் போட்டாச்சு. மருமக அது முன்னால சபதம் எடுக்கணும். தரையோட வச்சு அண்ணாந்து எடுன்னு எனக்கு உத்தரவு. மண்டி போட்டேன். எந்திரிச்சுப் பாத்தா, டோம்பிவிலி ரயிலுக்குக் கிளம்பின மாமி பையோட வாசல்ல நிக்காங்க.

"முட்டி அழுக்காயிடுத்து பாரு இசக்கி, துடைச்சுக்கோ."

எங்க தொழில்ல ஒருத்தரை ஊரே அண்ணாந்து பாக்க வைக்கிறது ரொம்பச் சுலபம், என்ன ஒண்ணு, போட்டோவுக்குச் சம்பளம் கிடையாது.