பன்னிரண்டு மாதமும் ஆள் வேண்டும்

"கடுக்கா மூட்டைன்னா போட்ட எடத்துல கெடக்கும். சுடுதண்ணி கேக்காது, உப்பு ஜாஸ்தின்னு சொல்லாது. உன் கெஸ்டுங்கள வெச்சிக்கினு இன்னாத்துக்கு இந்த அவஸ்தை?"

சொன்னவர் என் வீட்டுக்காரர். கல்வராயன் மலையில் கடுக்காய் வாங்கிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புகிறவர். நான் மாடி அறையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். யாரோ நிம்மதியாகத் தூங்க நம் தூக்கம் கெடும் தொழில். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலம் போனால் ஒரு ஈ வராது என்றார் அவர். எங்கள் மலை வருஷம் முழுக்க அழகு என்றேன் நான். கடைசியில் பந்தயம்: அடுத்த தை முடிகிற வரை ஒரு மாதம் காலியாகப் போனாலும் மாடி மூட்டைகளுக்கு. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஊட்டிய பொறுமை எனக்குப் பத்தாம் வகுப்போடு தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது வீம்புதான்.

சித்திரை

சேலத்துக் குடும்பம் ஒன்று ஸ்வெட்டரோடு வந்து இறங்கி, விசிறிக்கொண்டே மாடி ஏறியது. அருவிக்குப் போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். கோடையில் அங்கே வெறும் பாறைதான். திட்டப் போகிறார்கள் என்று நானும் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றேன். குடும்பத் தலைவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"தண்ணி எத்தனை மணிக்குங்க தொறந்து விடுவாங்க?"

ஐப்பசி

சின்னசேலத்திலிருந்து ஒரு அம்மா, தனியாக. போன், ஆபீஸ் எதுவும் வேண்டாம், ரெண்டு நாள் வாயைத் திறக்காமல் இருக்கப் போகிறேன் என்றார். நல்ல மழை. கரண்ட் போனது, பின்னாலேயே டவரும் போனது. சாயங்காலம் டீ கொண்டுபோனால் அறையில் ஆளில்லை. தேடினால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் குடையோடு நிற்கிறார், போனைத் தூக்கிப் பிடித்தபடி. இறங்குங்கள் என்று கத்தினேன்.

"நிம்மதியா இருக்கேன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு எறங்கிடறேங்க."

மார்கழி

எலவனாசூர்கோட்டை விவசாயி, மனைவியோடு. பல் கிட்டுகிற குளிர். காலையில் அந்த அம்மா மூன்று கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று விவசாயியைக் கேட்டேன்.

"காத்துக்கு இல்லீங்க. சத்தம் இல்லன்னா தூக்கம் வரமாட்டேங்குது."

தை

தை முடியப் போகிறது, ஆளே இல்லை. வீட்டுக்காரர் டேப்பை எடுத்து மாடி அறையை அளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சர் வந்து வாசலில் நின்றார். அவரைக் கட்டிப் பிடிக்காததுதான் குறை. பந்தயம் ஜெயித்த தெம்பில் இட்லி ஊற்றிக்கொண்டே அளந்து விட்டேன்: அருவிக்கு எந்த மாதமும் போகலாம், ஒவ்வொரு மாதமும் ஒரு அழகு. டீச்சர் கேட்டார்:

"நீங்க கடைசியா எப்ப போனீங்க?"

நான் போனதே இல்லை. அருவியில் தண்ணீர் இருக்கும்போது எனக்குச் சமையல். சமையல் ஓய்ந்தால் அருவியில் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்லி அனுப்பியதில் எனக்கு மட்டும் வழி தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் மாடியில் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏறிப் போய்க் கேட்டேன்:

"தோத்தவருதானே நீங்க, தண்ணி வத்தறதுக்குள்ள இந்த ஞாயித்துக்கெழம என்னை அருவிக்குக் கூட்டிக்கினு போறீங்களா?"