தள்ளிவைத்த தேர்தல்

பாலிடெக்னிக் முடித்து வேலை கிடைக்காமல் இருந்த தொண்ணூறுகளில், பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள தமிழ்ப் பள்ளியொன்றில் இரண்டாம் வகுப்புக்கு அறிவியலும் குடிமையியலும் எடுத்தேன். தேர்தல் என்றால் என்னவென்று புரியவைக்க, வகுப்பு லீடருக்கு ஒரு தேர்தல் ஏற்பாடு செய்தேன். ஓட்டுப் பெட்டிக்கு பிஸ்கட் டின், வெட்டிய சீட்டுகள், கரும்பலகையில் இரண்டு சின்னங்கள்: ஷீபாவுக்குக் குடை, சஜினுக்கு மாங்காய்.

ஓட்டுப் போட வேண்டிய வாரத்தில் ஷீபாவுக்குக் காய்ச்சல் வந்தது. காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பள்ளி திறந்ததும், பிள்ளைகளின் கவனத்தைத் திருப்பினால் போதும் என்று நினைத்தேன். குடையை அழித்துவிட்டு, "இனி சஜின்தான் லீடர். எல்லாரும் கைதட்டுங்க" என்றேன்.

ஒருவரும் தட்டவில்லை. சஜின் எழுந்தான்.

"அது பற்றாது டீச்சர், அப்படிச் செய்யக்கூடாது. கேண்டிடேட் செத்தா எலெக்சனை மாற்றி வைக்கணும் ஆக்கும். அப்பா சொன்னாரு."

"எலே, உனக்கு லீடர் ஆகண்டாமா?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

"வேணும். ஆனா யாரும் ஓட்டே போடல்லியே மக்கா."

"சரி, மாற்றி வைப்போம், அடுத்த வாரம் நடத்தலாம். ஷீபாவுக்குப் பதிலா யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னாலே முண்டியடிக்கிற வகுப்பு அது. ஒரு கைகூட உயரவில்லை. அவள் இறந்ததிலிருந்து நான் அடக்கிவைத்திருந்த அழுகை, அவர்கள் முன்னால் வந்துவிட்டது.

அவளுடைய இடத்தைச் சீக்கிரம் நிரப்புவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று நான் நம்பியிருந்தேன். அவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆண்டு முடியும்வரை எங்கள் வகுப்பில் லீடர் இல்லை. மற்ற டீச்சர்கள் கேட்டபோதெல்லாம், "எலெக்சன் மாற்றி வச்சிருக்கு" என்றே சொன்னேன்.