கொதிக்கும் தண்ணீரில் தொண்ணூற்றிரண்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மிட்டாயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க ஆவியில் வெந்தபடி படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், வீட்டுக்குப் போயும் அடுப்பு முன்னால் நின்று எலுமிச்சை மிட்டாய் காய்ச்சினாள். கடித்தால் படக்கென்று உடையும்.

யாராவது கைப்பக்குவம் என்று பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "கையில என்ன இருக்கு? எல்லாம் என் தெர்மாமீட்டர்" என்பாள். வட்ட முகமும் நீளக் கம்பியுமாகப் பழைய சாமான் கடையில் வாங்கியது. மகளைக்கூட அதைத் தொட விடமாட்டாள். பாகு நூற்று நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டதும் இறக்கிவிடுவாள். முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவளுக்கு நியாயம்.

தங்கை செய்முறை கேட்டபோது மகளை விட்டு எழுதிக் கொடுத்தாள். இரண்டு டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர், அரை மூடி எலுமிச்சை. கொதித்தபின் கரண்டி போடக்கூடாது. நூற்று நாற்பத்திரண்டு. தங்கை புதிதாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கடைக்கு மிட்டாய் போட ஒப்புக்கொண்டாள். மிட்டாய் பல்லில் ஒட்டியது. மூன்று முறை காய்ச்சியும் அதே கதை. கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

"எதையோ மறைச்சிட்டக்கா."

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. உன் தலைமேல சத்தியம்டி."

"என் தலைன்னா அவ்ளோ இளக்காரமா? நான் முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்காது, அதைச் சொல்லு."

அதோடு மூன்று வருஷம் பேச்சில்லை. போன வாரம் தங்கை மாரடைப்பில் போய்விட்டாள்.

கடைசியாக முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு சட்டி காய்ச்சினாள். யாரும் எடுத்துத் தின்னவில்லை. தெர்மாமீட்டரில் இறுகியிருந்த பாகு கரைவதற்காக அதைக் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினாள். அறிவியல் படித்துப் பட்டம் வாங்கிய மகள் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, தண்ணி தளதளன்னு கொதிக்குது. முள்ளு தொண்ணூத்திரெண்டுல நிக்குதே?"

"நின்னா நிக்கட்டும்."

"நூறுல நிக்கணும்மா. இது எட்டு குறைச்சுக் காட்டுது. உன் நூத்தி நாப்பத்திரெண்டு, நிஜத்துல நூத்தி அம்பது." மகளின் குரல் இறங்கியது. "நான்தானே எழுதினேன். ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்."

"அப்ப அவளோடது சரியாத்தான் காட்டிச்சா?"

"ஆமாம்மா."

அவள் அடுப்பை அணைத்தாள். "தலைமேல சத்தியம் பண்ணிட்டேனேடி."

தங்கையின் கணவருக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, நான் எதையும் மறைக்கலை. என் தெர்மாமீட்டர்தான் கோளாறு. நூத்தி அம்பதுல இறக்கணும்."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவது கேட்டது.

"அவ விடவே இல்லக்கா. மாசத்துக்கு ஒரு தடவையாவது காய்ச்சுவா. 'இன்னும் கொஞ்சம் சூடு ஏத்திப் பாரேன்'னு ஒரு நாள் சொன்னேன். 'அக்கா எழுதினது நூத்தி நாப்பத்திரெண்டு'ன்னு சண்டைக்கு வந்துட்டா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவ்வளவுன்னு சொன்னீங்க? இருங்க, எழுதிக்கிறேன்."

ஓர் இழுப்பறை இழுபடும் சத்தம். அப்புறம் இன்னொன்று. ஏதோ டப்பா கீழே விழுந்து உருண்டது.

"அவ பேனாவை எங்க வைப்பான்னே தெரியலக்கா."

"தேடுங்க" என்றாள். "நான் போனை வெக்கல."