நெனிதா சொல்லாமல் விட்டது

இலோய்லோ நகரில் வீடு வீடாகப் போய் நகம் திருத்திச் சாயம் பூசிவிடுவது நெனிதாவின் பிழைப்பு. அவள் மகள் ரோசெல் பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். கழுத்து நிற்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் சொன்னதில் பாதி நெனிதாவுக்குப் புரியவில்லை. மீதியைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கேட்டதெல்லாம் ஃபேஸ்புக்கில்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களுக்கென்று அங்கே ஒரு குழு இருந்தது. "ஒவ்வொரு வாய்க்கும் புரையேறுது. நான் என்ன தப்பு பண்றேன்?" என்று எழுதினாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடி. நிமித்தி உக்கார வை. மோவாயக் கொஞ்சம் கீழ இறக்கு. கஞ்சியக் கெட்டியாக் கரை," என்று குழுவை நடத்திவந்த எஸ்தெலிதா அக்கா தாவோ நகரிலிருந்து பதில் போட்டாள். அன்று ரோசெல் பத்து வாய் விழுங்கினாள். நெனிதா சமையற்கட்டில் நின்று ஓவென்று அழுதாள்.

நாலு வருடத்தில், கேட்டுக்கொண்டிருந்தவள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் ஆனாள்.

ஆகஸ்ட் மழையில் ரோசெல்லுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாள். இறந்தவர்களுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்து, குழுவுக்குச் சொல்லிவிடலாம் என்று நெனிதா ஃபோனை எடுத்தாள். 'ரோசெல்' என்று தட்டினாள். அடுத்த சொல் வரவில்லை. அதே நேரம் குய்மாரஸ் தீவிலிருந்து ஜெராலின் என்ற புதியவள் எழுதியிருந்தாள்: "என் பையன் எதையும் முழுங்க மாட்டேங்கிறான். யாராவது சொல்லுங்களேன்."

"பயப்படாத தங்கச்சி. என் பொண்ணும் இப்படித்தான். கெட்டியாக் கரைச்சுக் குடுத்தா நல்லா முழுங்குறா," என்று நெனிதா எழுதினாள். 'முழுங்குனா' என்று எழுத வேண்டிய இடம். ஓரெழுத்து மாறிவிட்டது. அதை அவள் திருத்தவில்லை.

அந்த ஓரெழுத்தில் ரோசெல் பதினாலு மாதம் வாழ்ந்தாள். பல் விழுந்தது, முட்டை தின்றாள், சிரித்தாள். ட்ரைசைக்கிள் என்கிற மூணு சக்கர வாடகை வண்டி ஓட்டும் கணவன் தெயோ ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டான். "அவள ஏன் நெனிதா நிம்மதியாப் படுக்க விடமாட்டேங்குற?" என்றான். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் மறுபடி எழுதினாள்.

மறு வருடம் அக்டோபரில் ஒரு காலை, ஜெராலின் தன் மகன் கிகோவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லாம வந்துட்டேன்னு கோவமாக்கா? ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நகம் பூசுற நெனிதான்னதும் வண்டிக்காரரே கொண்டாந்து விட்டுட்டாரு. எங்க நம்ம ரோசெல்?" பையிலிருந்து மஞ்சள் பூப்போட்ட சட்டை ஒன்றை எடுத்தாள். "அஞ்சு வயசுக்குன்னு கேட்டு வாங்கினேன். பத்துமா?"

ஜெராலினின் பார்வை சுவரோரம் மாதா சிலைக்குப் பக்கத்திலிருந்த படத்துக்கும், அதன் முன்னால் உருகிக் கிடந்த மெழுகுக்கும் போனது.

"எப்பக்கா?"

"பதினாலு மாசமாச்சு."

"நான் குழுவுக்கு வந்ததே அப்பதானே?"

"ஆமா."

"அப்ப போன வாரம் முட்டை தின்னாள்னு சொன்னது?"

நெனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவன் தேறமாட்டான்னு சொன்ன எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டேன்க்கா. இலோய்லோவுல ஒரு பொண்ணு தேறிட்டா, நம்ம பையனும் தேறுவான்னு. இனிமே அவருகிட்ட எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?"

"திட்டு தங்கச்சி. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டக்கூட வாய் வரலியே," என்று ஜெராலின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிகோ பசியில் வீறிட்டான். ஜெராலின் கஞ்சிப் புட்டியைத் திறந்து ஊட்டினாள். முதல் வாயே புரையேறியது. நெனிதா கையை நீட்டினாள். ஜெராலின் தானே இன்னொரு வாய் ஊட்டிப் பார்த்தாள்; அதுவும் புரையேறியது. பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தாள். மடியில் ஒரு பிள்ளையின் கனம். கிகோ கஞ்சி முழுவதையும் விழுங்கினான். இருவரில் ஒருத்திக்கும் அதில் சந்தோஷம் வரவில்லை.

படகுக்கு நேரமானதும் ஜெராலின் கிளம்பினாள். சட்டையைக் கொடுக்கவும் மனமில்லாமல், எடுத்துப்போகவும் மனமில்லாமல் நாற்காலியிலேயே விட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் நெனிதா குழுவில் உண்மையை எழுதினாள். "எங்க நம்பிக்கையில மண்ணப் போட்டுட்டியே," என்றாள் ஒருத்தி. ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். எஸ்தெலிதா எழுதியதுதான் நெஞ்சில் தைத்தது: "நீ ஏன் பண்ணினேன்னு எனக்குப் புரியுது. ஆனா ரோசெல்லுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட எங்களுக்கு இடம் குடுக்கலியே நீ. கொஞ்ச நாள் யாருக்கும் புத்தி சொல்லாம இரும்மா."

"சரிக்கா," என்று மட்டும் நெனிதா எழுதினாள். ஜெராலின் அதன்பிறகு அவளுக்கு எழுதவே இல்லை.

இறந்தவர்களுக்கு மெழுகு ஏற்றும் நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. போன வருடம் தெயோ தனியாகப் போயிருந்தான். இந்த வருடம் நெனிதாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ரோசெல்லின் கல்லில் படிந்திருந்த பாசியை இருவரும் தேய்த்துக் கழுவினார்கள். கல்லில் பிறந்த தேதிக்குப் பக்கத்திலிருந்த, அவள் போன தேதியை நெனிதா அன்றுதான் முதன்முதலாகப் படித்தாள்.

"அன்னைக்கு வியாழக்கிழமை," என்றாள்.

"ஆமா, வியாழன்தான்," என்றான் தெயோ. தண்ணீரை எடுத்து இன்னொரு முறை ஊற்றினான்.