சிமெண்டுக் கால்கள்

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு, வெள்ளை வேட்டி கட்டி வர பன்னிரண்டு பேர் வேண்டும் என்று திருவனந்தபுரம் பேராலயத்தில் அறிவித்தார்கள். எனக்கு அப்பாவின் கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

எழுபதுகளில் இதே பேராலயத்தின் கோபுரத்துக்குப் பூச்சுவேலை செய்த கொத்தனார் அவர். எனக்கு எட்டு வயதான வருடம், பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. வேலை முடிந்து நேராக வந்த அப்பா, காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கோயில் பணியாளரான கபியார் அவரை எழுப்பிவிடப் பதறி ஓடிவந்தார். "கொத்தனாரே, எழுந்நேல்க்கு! காலு முழுவன் சிமெண்டல்லே?"

"சுத்தமான காலுக்கு உம்ம தண்ணி எதுக்கு வே?"

பங்குத்தந்தை சிரித்துவிட்டு மண்டியிட்டார். தண்ணீர் சாம்பல் நிறமாக வழிந்தது. அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அறிவிப்பு முடிந்ததும், நாலு பேர் முன்னால் பேசக் கூசும் நான் எழுந்தேன். "என் பேர எழுதிக்கோங்க. வேலைக்குப் போற லுங்கியிலதான் வருவேன்."