புஷ்பவல்லி திருத்திய பட்டியல்

1998-இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் சண்முகரத்தினம் கணினிக் கல்லூரி நடத்திவந்தார். வரவேற்பு மேசையில் புஷ்பவல்லி. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். மாணவர்களின் குறிப்புகளைப் படித்தே, வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் அவர் ஒரு தாளை நீட்டினார்.

"காலேஜுக்கு வெப் பேஜ் போடணும் புஷ்பா. படிச்சி முடிச்சவங்க பேரு, வேலை எல்லாம் இதுல இருக்கு. அழகா லிஸ்டா போட்டுடு லா."

முப்பத்தொரு பெயர்கள். பட்டியலின் தொடக்கத்தில் யு.எல்., ஒவ்வொரு பெயருக்கும் எல்.ஐ. என்று குறிகளைத் தட்டினாள், பெயர்களுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் தாமாக விழுந்தன. பதினான்காவது பெயரில் விரல் நின்றது. 'வேலாயுதம், சிஸ்டம் அனலிஸ்ட், சிங்கப்பூர்.'

வேலாயுதம் அவளுடைய தம்பி. இங்கே வாங்கிய டிப்ளோமாவை எந்த அலுவலகமும் ஏற்காமல், போர்ட் கிள்ளானில் லோரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். சோம்பேறி என்று அவனை எத்தனையோ முறை அவளே ஏசியிருந்தாள்.

"சார், இது என் தம்பி. லோரியில சாமான் ஏத்துறான்."

"அப்படியா? சரி, வேற பேரு போட்டுடு. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

அடுத்த இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் கோப்புகளிலிருந்த எண்களுக்கெல்லாம் போன் செய்தாள். ஒருவருக்கும் கணினி வேலை இல்லை. பட்டியலில் இருந்த பவுனம்மாள் சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். "சர்ட்டிபிகேட்ட அப்பா பிரேம் போட்டு மாட்டிட்டாரு அக்கா. கழட்டச் சொல்ல வாய் வரல," என்றாள். உண்மையைப் போடலாமா என்று எல்லோரிடமும் கேட்டாள், சம்மதித்தார்கள். தம்பியிடம் மட்டும் கேட்கவில்லை.

சேர்க்கை நாளன்று காலை, யு.எல்.லை ஓ.எல். ஆக்கினாள். புள்ளிகள் போய் எண்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே, சற்று உள்ளே தள்ளி, இன்னொரு சிறு பட்டியல்: இப்போது செய்யும் வேலை.

அறுபது பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகரத்தினம் அந்தப் பட்டியல் விழுந்த திரைக்கு முதுகு காட்டி நின்று, "இவங்க மாதிரியே உங்க பிள்ளைங்களும் வருவாங்க," என்றார்.

முன்வரிசையில் கன்னையா என்பவர் எழுந்தார். "எங்க சார், பெட்ரோல் ஸ்டேஷனுக்கா?"

சண்முகரத்தினம் திரும்பித் திரையைப் பார்த்தார். அந்த முகம் வெளுத்ததைப் புஷ்பவல்லி கடைசிவரை நின்று பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கல்லூரி அந்தப் பக்கத்தை அழித்தது. அவள் அதையே தன் பெயரில் இலவசத் தளமொன்றில் ஏற்றினாள். நான்கு மாதத்தில் கல்லூரி மூடப்பட்டது.

போர்ட் கிள்ளான் கிடங்கில் யாரோ அந்தப் பக்கத்தைக் காட்டி வேலாயுதத்தைக் கேலி செய்தார்கள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டியா அக்கா?" என்றான். அவள் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தாள். அப்படியும் தீபாவளிவரை அவன் பேசவில்லை.

அதற்குள் அவளுக்கு மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் சண்முகரத்தினம் அங்கே போன் செய்தார்.

"அந்தப் பேஜை எடுத்துடும்மா. எங்க போனாலும் அதைத்தான் காட்டுறாங்க. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"விழுங்க சார். பேஜ் அங்கேயே இருக்கும்."

போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்று இன்னொரு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.